மழை நாள், வயலின், 'தண்ணீர்'

ராத்திரி முழுக்க அடித்துப் பெய்ததில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆபீசில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மதியம் வேலைக்கு நடுவே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைப் போட்டேன். 1986-ல் வந்தது, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் அவர் செய்த சமர்ப்பணம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' வந்ததும் கை தானாக நின்றுவிடும். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அப்படி. எத்தனை வருடம் கேட்டாலும் அலுக்காது.

சாயங்காலம் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல். கல்லூரித் தோழி படிக்கக் கொடுத்தது. ஓரங்களில் அவள் பென்சிலால் எழுதிய குறிப்புகளையும் சேர்த்தே படிக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. குடத்தோடு அலையும் ஜமுனாவைப் படிக்கும்போது 2019 கோடைதான் ஞாபகம் வந்தது. ஏரிகள் வறண்டு, லாரி எப்போது வரும் என்று தெருவே காத்துக் கிடந்ததே!

சென்னைக்கு வருஷத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. கோடைக்கும் அந்தத் தண்ணீர்தான். அதனால் மழையைத் திட்டாதீர்கள், நண்பர்களே. மழைநீர் இறங்கும் மொட்டை மாடிக் குழாயில் இலை தழை அடைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.