இரண்டு உதயம் கண்ட பிரயாணம்

ஆகாய விமானத்தில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தாலே நமக்கு முதுகு வலிக்கிறது; காப்பி ஆறியிருந்தால் கோபம் வருகிறது. தொடர்ந்து முப்பது மணி நேரம், வழியில் எங்கும் இறங்காமல் சமுத்திரத்தின் மேல் பறந்தவர்களின் கதையைக் கேளுங்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அத்துடன் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குச் செல்லும் ஆகாய மார்க்கம் நடுவில் அறுந்து போயிற்று. அதை எப்படி ஒட்டுவது? இலங்கையின் தென்கோடியில், காலிக்கு அருகே கொக்கலை ஏரி இருக்கிறது. அங்கிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் சுமார் 5,650 கிலோமீட்டர். இடையே இருப்பதெல்லாம் இந்து மகா சமுத்திரந்தான். அதை ஒரே மூச்சில் தாண்டிவிடுவது என்று தீர்மானித்தார்கள்!

1943-ல் குவாண்டாஸ் கம்பெனி இந்தப் பணியைத் தொடங்கியது. கிடைத்தவை 'காடலீனா' என்ற ஐந்து கடல் விமானங்கள். தண்ணீரிலிருந்தே எழும்பித் தண்ணீரிலேயே இறங்குபவை. வேகமோ மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காற்று அனுகூலமாக இருந்தால் 27 மணி. எதிர்த்தால் 32 மணிக்கும் மேல்! பெட்ரோலே பெரும் பாரம். ஆகவே மூன்று பிரயாணிகளுக்கும் சுமார் 69 கிலோ தபாலுக்குந்தான் இடம்.

எதிரி மோப்பம் பிடித்துவிடக் கூடாதென்பதற்காக ரேடியோவில் வாய் திறப்பதில்லை. அபாயமான பகுதியை இருட்டில் கடந்தார்கள். வழிகாட்டியது நட்சத்திரங்களே. விமானங்களுக்கு வைத்த பெயர்களும் நட்சத்திரப் பெயர்கள்தாம்: வேகா, ரைஜெல், ஸ்பைகா, அல்டேர், அன்டாரஸ். பாரம் மிகுந்த முதல் சில மணி நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றால், மற்றதால் விமானத்தைத் தாங்க முடியாது. அந்த நேரம் விமானியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆகாயத்திலேயே ஒரு நாளுக்கு மேல் கழிந்ததால் பிரயாணிகள் இரண்டு முறை சூரியோதயம் கண்டார்கள். அதற்காக அவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள்.

1945 வரை 271 தடவை கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானங்கூட விழவில்லை. ஆனால் அவை அமெரிக்காவிடம் போர்க்கால ஏற்பாட்டில் பெற்றவை. யுத்தம் முடிந்ததும் ஒப்பந்தப்படி கடலில் மூழ்கடித்தார்கள். எதிரியால் முடியாததைக் கணக்குப் புத்தகம் செய்துவிட்டது!

2018 மார்ச்சில் அதே கம்பெனி பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடையில் நிற்காத விமானப் போக்குவரத்தை ஆரம்பித்தது. சுமார் 14,500 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். அன்று கொக்கலைக்கு வந்து சேர்வதற்குள் இன்று லண்டனே சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போடலாம்.

அடுத்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கீழே தெரியும் நீலத்தைச் சற்றுப் பாருங்கள். காப்பி ஆறியிருந்தால் பரவாயில்லை.