கத்தியின்மேல் குற்றமில்லை

தலைமயிர் களைவதைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமோ என்று நேயர்கள் நகைக்கக்கூடும். எழுதுவதற்கு உலகில் எத்தனையோ பெரிய பொருள்கள் உள. ஆயினும் தன் தலையிற் பட்ட புண்ணைப் பற்றி எழுதுபவன் பிறர் கதையை எழுதவில்லை என்ற ஒரு சிறப்பாவது இதற்கு உண்டு.

யான் பாச்சாங்கில் குடியிருந்து, மலாக்காவை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வயது முப்பத்தைந்து. என் தோல் பிறவியிலேயே மெல்லியது. கொசு கடித்தால் காசளவு தடிக்கும். புதுச் சட்டை உரசினால் கழுத்துச் சிவக்கும். இத்தகைய தோலுடையவன் தமிழர் குடும்பத்திற் பிறப்பதில் ஓர் இடர் உண்டு. பிறந்தால் மொட்டை, வேண்டிக்கொண்டால் மொட்டை, பெற்றவர் இறந்தால் மொட்டை. என் தலைமேற் கத்தி இம்மூன்று முறையும் சென்றிருக்கிறது. முதன்முறை நினைவில் இல்லை. மற்ற இரண்டும் மறக்கவில்லை.

இரண்டாம் முறை எனக்கு ஒன்பது வயது. ஒரு கோயிலின் திருவிழாக் கூட்டத்தில் வரிசையாக உட்கார வைத்தனர். ஒரு கை நீரை உச்சியில் அறைந்தார்கள். எனக்கு முன் இருந்தவர் தலையில் ஓடிய அதே கத்தி என் தலையிலும் ஓடிற்று. மூன்று இடங்களிற் குருதி கசிந்தது. அதன்மேற் சந்தனத்தை அப்பவே, எரிச்சல் தாளாமல் அலறினேன். "சாமிக்குக் கொடுத்தது அப்படித்தான் எரியும், பொறுத்துக்கொள்" என்றார் பாட்டி. அப்புண் ஆறப் பதினைந்து நாட்களாயின.

மூன்றாம் முறை, நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் இறந்தபோது. விடியற்காலையில் நாவிதரைத் தேடுவானேன், ஆங்கிலம் படித்த நமக்கு இதுகூடத் தெரியாதா என்ற செருக்கோடு, கடையில் விற்கும் மலிவான சவரக் கத்தியைக் கொண்டு யானே சிரைத்துக்கொண்டேன். குளிக்கும் சோப்பே நுரை. மயிர் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாராமல், பிடரியிலிருந்து உச்சி நோக்கி எதிராக இழுத்தேன். வழவழப்பு வரும்வரை சிரைத்த இடத்தையே மீண்டும் மீண்டும் சிரைத்தேன். மூன்றாம் நாள் தலைமுழுதும் செம்பருக்கள், பிடரியிற் சீழ். தந்தைக்குக் காரியம் செய்ய அமர்ந்திருந்த வேளையில், அவர் முகத்தை நினைப்பதினும் தலையைச் சொறியாமலிருப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நிற்க. என் மகனுக்கு இப்போது மூன்று வயது. என் தோலை அப்படியே கொண்டு பிறந்திருக்கிறான். அவன் கடுஞ்சுரத்தில் கிடந்தபோது என் அன்னையார், செங் சன்னாசிமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். மாசி மகத்தன்று அம்மலைக்குத் திரளும் கூட்டம் மலாக்கா மக்கள் அறிந்ததே. "அக்கூட்டத்திற் பிள்ளையின் தலையைக் கொடுக்க மாட்டேன்" என்று யான் மறுத்தேன். அன்னையார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள், பாச்சாங்கில் நெடுங்காலமாக முடி திருத்தும் பெரியவர் ஒருவரிடம் மகனைத் தூக்கிச் சென்றேன். அவர் கத்தியை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனிகளாற் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார். "இரட்டைச் சுழி, தம்பி. சுழியைச் சுற்றி மயிர் நாலாபக்கமும் திரும்பும். அங்கே கத்தியும் கூடவே திரும்ப வேண்டும். நேராக இழுத்தால் வெட்டும்" என்றார். இரட்டைச் சுழிக்கு இரண்டு தாரம் என்ற பழங்கதையை மட்டுமே கேட்டிருந்த எனக்கு, சுழிக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்பது புதுமையாயிருந்தது.

அவர் சொன்ன முறையை மென்தோலினர்க்குப் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறேன். முதலில் இயந்திரத்தால் முடியை ஒட்டக் குறைக்க வேண்டும். பின்பு வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் தலையிற் போர்த்த வேண்டும். நீரை உண்ட மயிர் மெலிந்த அழுத்தத்திற்கே இணங்கும். அதன்பின் வாசனையற்ற நுரையைத் தடவி, மயிர் சாய்ந்த திசையிலேயே, குறுகிய இழுப்புகளாக, கத்தியின் பாரத்தாலேயே சிரைக்க வேண்டும். எதிர்த்து இழுத்தால் மயிர் தோலுக்குக் கீழே அறுபட்டு, சுருண்டு உள்ளேயே வளர்ந்து பருவாகும். சுருட்டை மயிருடையார்க்கு இது மிகுதி. முழு வழவழப்பை விரும்புதலே புண்ணுக்கு வழி. முடிவிற் குளிர்ந்த நீர் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அங்காடிச் சந்தனத்தில் நிறமும் மணமும் கலப்பதுண்டாகலின், அன்று அதைத் தலையில் அப்பலாகாது. வெயிலில் தொப்பி வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது, தலைக்கு ஒரு புதுப் பிளேடு. இது மென்தோலினர்க்கு மட்டும் உரிய விதியன்று. 1965-இல் பிளம்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் கண்டறிந்த ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் ஈரல்நோய்க் கிருமி, உலர்ந்த பரப்பின்மேலும் 7 நாட்களேனும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத குருதித்துளி ஒன்றே போதும். மலேசியாவிற் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி 1989 முதல் போடப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தோர்க்குக் குழந்தைப் பருவத்தில் அக்காப்புக் கிட்டவில்லை. திருப்பதித் திருமலையில் முடி கொடுப்போர், சீட்டுடன் பிளேடும் பெற்றுச் செல்லும் வழக்கம் இருக்கிறது. பக்திக்கு அதனாற் குறைவு நேர்ந்ததாக எவரும் சொல்லவில்லை.

"இவ்வளவும் தெரிந்திருந்தும் திருவிழாவில் ஏன் ஐயா இப்படி வெட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "அங்கே தலைக்கு இத்தனை என்று கூலி, தம்பி. ஒரு தலையில் நான் நின்று பார்த்தால் பின்னாலே பத்துப் பேர் சத்தம் போடுவார்கள். பொறுமைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? கத்தியின்மேல் குற்றமில்லை. கைதான் அவசரப்படுகிறது, அவசரப்படுத்துகிறவர்கள் நீங்கள்."

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. என் பாட்டனார் காலத்தில் தோட்டத்து லயத்திற்கு நாவிதர் வருவாராம். வீட்டின் பின்புறத்து மரத்தடியே அவருக்கு இடம். சாதியைச் சொல்லி அழைப்பார்கள். நாற்காலி கொடுக்க மாட்டார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் அவர் வேண்டும். பந்தியில் மட்டும் அவர் வேண்டா. தான் இழிவாக நடத்தும் கையிடமே தன் குழந்தையின் உச்சந்தலையை ஒப்புவிக்கும் சமுதாயம் நம்மைப்போல் வேறெங்கேனும் உண்டோ?

பெரியவரையே எங்களோடு வருமாறு வேண்டினேன். மாசி மகத்திற்கு நான்கு நாட்கள் முந்தி, கூட்டமில்லாத ஒரு காலையில், அன்னையாரும் நாங்களும் சன்னாசிமலைக்குச் சென்றோம். பெரியவர் புதுப் பிளேட்டின் உறையை எங்கள் கண்முன் பிரித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிள்ளை பாதியிலேயே என் மடியில் உறங்கிவிட்டான். ஒரு துளி குருதி இல்லை. அன்னையார் குனிந்து உள்ளங்கையால் அத்தலை முழுவதையும் தடவிப் பார்த்தார். சந்தனக் கிண்ணம் கையில் இருந்தது. சற்று நின்றார்; பின்பு பெரியவரை நோக்கி, "நெற்றியில் ஒரு பொட்டு வைக்கலாமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை; தொழிலறிந்தவரிடம் கேட்டார்.

ஆதலின் அன்பர்களே, வேண்டுதலை நிறைவேற்றுவதும் நிறுத்துவதும் அவரவர் மனம். ஆனால் புண்ணைப் புண்ணியமென்று குழந்தைகளிடம் சொல்லாதிருப்போம். புதுப் பிளேட்டைக் கேட்டு வாங்குவோம். சிரைப்பவர்க்கு நேரத்தையும், அந்நேரத்திற்குரிய கூலியையும் கொடுப்போம். அன்று வீடு திரும்பியதும் கூடத்தில் நாற்காலி போட்டு, பெரியவரை அமரச் செய்து காப்பி கொடுத்தோம். பல ஆண்டுகளாக அவரிடம் முடி வெட்டிக்கொள்பவன் யான். அவர் பெயரை அன்றுதான் கேட்டேன்.