குதிரையில்லாப் பந்தயம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே, பத்மநாப சுவாமி கோயிலை ஒட்டி நிற்கிறது குதிரைமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய அந்த அரண்மனையின் கூரையடியில் 122 மரக்குதிரைகள் பாயத் தயாராக இருக்கின்றன. நிஜப் பாய்ச்சலைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே சாலைக் கடைத்தெருவுக்கு வரவேண்டும். ஓடுவது மனிதர்கள்.

திருவோணத்துக்கு முந்தைய நாள் உத்திராடம். விருந்துச் சாமான் வாங்க அன்று ஊரே இங்கு முண்டியடிக்கும். மலையாளிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘உத்திராடப் பாய்ச்சல்’. சொத்தை விற்றாவது ஓணம் உண்ண வேண்டும் என்பது அவர்கள் பழமொழி. நேந்திரங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி, பப்படம், சேனை, வாழையிலை என்று பை கனத்துக்கொண்டே போகும். திருவோணத்தன்று அரசு மதுக்கடைகளுக்கு விடுமுறை என்பதால் அங்கும் ஒரு பாய்ச்சல் உண்டு. 2023 உத்திராடத்தில் மட்டும் 116 கோடி ரூபாய்க்கு விற்பனை!

திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய இந்தச் சந்தையில் தமிழ் வியாபாரிகளுக்குத் தனி இடம் உண்டு. ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதிய ஆ. மாதவன் இங்கேதான் கடை வைத்திருந்தார். நாஞ்சில் நாடு 1956இல் தமிழகத்தோடு சேர்ந்தது; ஆனால் அதன் வாழைக்குலைகளும் பூக்களும் பழைய தலைநகரை மறக்கவில்லை. அத்தப்பூக்கோலத்துக்கான கேந்தியும் வாடாமல்லியும் தோவாளையிலிருந்து லாரியில் வருகின்றன.

பந்தயத்தில் உண்மையாகப் பணம் கட்டியிருப்பவர்கள் இந்தப் பூக்காரர்கள்தான். திருவோணக் காலையோடு பூக்கோலத்தின் வேலை முடிந்துவிடும். உத்திராட இரவில் மழை பிடித்துக்கொண்டால், மிஞ்சிய பூவை மறுநாள் சீந்த ஆளில்லை. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தால் கேரள அரசு ஓண விழாக்களை ரத்து செய்தது. தோவாளையிலும் அந்த ஆண்டு ஓணம் இல்லை.

விருந்தில் ஒரு விசேஷம், போளி. தமிழ்நாட்டுக் கடலைப்பருப்புப் போளிதான். ஆனால் திருவனந்தபுரத்துக்காரர்கள் அதை இலையில் பிய்த்துப் போட்டு, மேலே பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். வடகேரளத்திலிருந்து வரும் விருந்தாளிகளே சற்றுத் திகைப்பார்கள். நெய்யோடு தின்று பழகிய நமக்கும் முதல் வாய் வரைதான் தயக்கம். போளிக்கு உத்திராடம் வரை காத்திருக்கத் தேவையில்லை. திருவனந்தபுரத்துப் பலகாரக் கடைகளில் எந்த நாளும் கிடைக்கும். பாயசத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.