கூம்பும் பெட்டியும்

மாசி மாதத்தில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் தோட்டமொன்றில் காமன் கூத்து நடைபெறும் நாட்களில், கோயிலடி யூக்கலிப்டஸ் மரத்தின் உச்சியில் இரு கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டப்படுவது வழக்கம். ஒன்று மேற்கணக்கை நோக்கியிருக்கும். மற்றையது ஆற்றுக்கு அப்பாலுள்ள கீழ்க்கணக்கை நோக்கியிருக்கும். அத்தகைய மாசியொன்றில், முந்திய ஆண்டு காலமாகிவிட்ட கூத்துக்காரர் ஒருவரின் குரல் அக்கூம்புகளின் வழியாக எழுந்தது. ரதியின் புலம்பலை அவர் தம் லயக் காம்பிராவில் அமர்ந்து பாட, யாரோ கசெற்றில் பதிந்துவைத்திருந்தனர். பள்ளத்தாக்கு முழுவதும் அதைக் கேட்டது. வாசற்படியில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி, “அவருதான்” என்று மட்டும் சொன்னாள்.

கலைப்பீட மாணவனான மகனுக்கு அது தந்தையின் குரலாகத் தோன்றவில்லை. எவரோ மூக்கினாற் பாடுவதுபோல் இருந்தது.

குறை பாடியவருடையதன்று, கூம்பினுடையது. அதனைக் குறை என்பதும் முற்றும் சரியாகாது. சாதாரண ஒலிபெருக்கியின் தாட்கூம்பு காற்றை நேரே தள்ளுகின்றது. அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்களவே ஒலியாகின்றது. மரத்திற் கட்டும் கூம்பிலோ சிறிய மென்றகடு ஒன்று ஒடுங்கிய தொண்டைக்குள் அதிர்கின்றது. அத்தொண்டை மடிந்து மடிந்து விரிந்து அகன்ற வாயாக முடிகின்றது. இதனால் அதன் வினைத்திறன் பல மடங்கு உயர்கின்றது. மோட்டார் வாகன மின்கலத்தில் இயங்கும் சிறிய பெருக்கியொன்று இரு மலைகளுக்குக் குரல் கொடுப்பது இவ்வாறே. மாலையில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கும்போது ஒலி மேலே சிதறாது கீழ்நோக்கி வளைவதும் அதற்குத் துணையாகும். ஆனால் அவ்வளவு சிறிய கூம்பு ஏறத்தாழ 300 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட மீடிறன்களை அநேகமாகக் கைவிட்டுவிடும். ஆண்குரலின் அடித்தளம் 100 ஹேர்ட்சை ஒட்டியது. எனவே சொல் மலையைத் தாண்டும், நெஞ்சு தாண்டாது.

கண்டியில் வானொலித் தொழில்நுட்பப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் மகன் அந்தக் கசெற்றை எடுத்துச் சென்றான். அவரிடம் ஓரடி உயரமுள்ள இரு மரப்பெட்டிகள் இருந்தன. எல்எஸ்3/5ஏ என்பது அவற்றின் பெயர். 1970களில் பிபிசி நிறுவனத்தின் பொறியியலாளர்கள், வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்கென இவற்றை வகுத்தனர். ரொஜர்ஸ், ஸ்பெண்டோர் போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்று உற்பத்தி செய்தன. ஸ்பெண்டோர் என்ற பெயரே ஸ்பென்சர் ஹியூஸ், அவர் மனைவி டொரத்தி என்னும் இருவரின் பெயர்களையும் இணைத்தது. பிபிசியினர் இசையோடு மனிதப் பேச்சையும் உரைகல்லாகக் கொண்டனர். பேசுபவரை நேரே கேட்டு, அதே பேச்சை ஒலிபெருக்கியிலும் கேட்டு ஒப்பிட்டனர். பழகிய குரலிற் பொய் நுழைந்தால் எந்தச் செவியும் கண்டுகொள்ளும் அல்லவா?

கசெற் சுழன்றது. இரண்டாம் அடிக்கு முன் தந்தை தொண்டையைச் செருமினார். தேயிலை ஸ்டோரில், சல்லடைத் தூசியில், பல ஆண்டுகள் நின்றவரின் செருமல் அது. அடியின் ஈற்றில் மூச்சு போதாமல் சொல் தேய்ந்தது. கூம்பில் இவை எவையும் கேட்கவில்லை. மகன் எழுந்து யன்னலருகே போய் நின்றுகொண்டான்.

முதியவர் சிறிது நேரம் பொறுத்து, வேறு விடயம் பேசுவதுபோல் ஒலிபெருக்கி ஆக்கியோரைப் பற்றிப் பேசலானார். அமெரிக்கரான போல் கிளிப்ஷ் 1940களில் பெருங்கூம்பொன்றை மடித்து, அறையின் மூலைச் சுவர்களையே அதன் வாயின் நீட்சியாக்கினார். ஆழ்ந்த ஒலியும் கிடைத்தது, வினைத்திறனும் கிடைத்தது. பெட்டியோ நாலடிக்கு மேல் உயர்ந்தது. (10க்கு 12 அடிக் காம்பிராவிலும் மூலை உண்டு, அதை வைத்தபின் படுப்பதற்கு இடம் இராது.) 1954இல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி ஆழ்ந்த ஒலியைப் பெற்றார், அதற்காக மின்வலுவை வாரி இறைக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் பீற்றர் வோக்கர் பெட்டியையே துறந்தார். 1957இல் விற்பனைக்கு வந்த அவருடைய குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில், மின்னேற்றிய மெல்லிய படலமொன்றே அதிர்ந்தது. மனிதக் குரலை அதுபோற் தெளிவாகத் தந்தவை அரிது. எனினும் உரத்து ஒலிக்க அதனால் இயலாது. நேரெதிரே அமர்ந்தவனுக்கே அது தன்னை முழுமையாகக் கொடுக்கும்.

உரப்பு, ஆழம், சிறுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயற்கை இடந்தருவதில்லை என்பது முதியவரின் கணக்கு. ஒரே ஒரு வாற்றுக்குக் கிளிப்ஷின் மூலைக்கூம்பு ஒரு மீற்றரில் 105 டெசிபெல் தருமெனின், மேசை மீதிருந்த அச்சிறுபெட்டி 83 அளவே தரும். இடைவெளியை நிரப்ப நூறு மடங்குக்கு மேற்பட்ட வலு வேண்டும். விலையுயர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என எண்ணியிருந்த மகனுக்கு, ஒவ்வோர் ஆக்கியோனும் எதனை இழக்கச் சம்மதித்தான் என்று கேட்பதே பொருத்தமாகப் பட்டது.

விடுமுறைக்கு ஊர் திரும்பியவன் தாயிடம் செருமலைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் சொன்னான். ஒரு நாள் கண்டிக்கு அழைத்துப் போவதாகவும் சொன்னான். தாய் அடுப்பை ஊதியவாறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொட்டியில பாடுனா கீழ்க்கணக்குக்குக் கேக்குமாப்பா?”

“கேக்காதும்மா. அந்த ரூமுக்குள்ளதான்.”

“இருமலத்தான் நான் ராவெல்லாம் கேட்டேனே” என்றாள் அவள். “ஸ்பீக்கர்காரரு மாசிக்கு அந்தக் கெசட்டக் கேட்டாரு. குடுத்துரு.”

அடுத்த நாள் காலை அவன் ஹட்டனுக்குப் போய், கசெற்றுக்குப் பிரதியொன்று எடுப்பித்தான். பிரதியை ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தான். மூலத்தைத் துணியிற் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.