என் பொய் அவர் தலையில் விழுந்தது

செய்யாத வேலைக்காக ஒரு தொழிலாளியின் மீது பழி விழுந்தது. நான் சொன்ன பொய்தான் அதற்குக் காரணம். அவர் பெயரையும் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவர்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை.

ஆந்திராவின் பாகாலாவிலிருந்து தாமலசெருவு போகும் வழியில், மலை மறைவில் ஒரு தோப்பு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மொட்டைமாடியின் ஒரு மூலையில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அதனால் சாட்டிலைட் இன்டர்நெட் வாங்கியிருந்தோம். 2025 மாங்காய் சீசனில் சொந்த வீட்டுக்குக் குடிபோனோம். பழைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். பெங்களூரா மாங்காய் விலை விழுந்து, கிலோவுக்கு 4 ரூபாய் தன் பங்காகத் தருவதாக ஆந்திர அரசு அறிவித்திருந்த நேரம் அது. அக்கம்பக்கத்து விவசாயிகள் அதன் விவரம் கேட்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். இன்டர்நெட் இல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

டிஷ்ஷைப் புது வீட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஆள் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம் என்றார்கள். அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்தேன்.

அந்தத் துணிச்சலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சோலார் பேனல் ஒன்று பழுதாகி, பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்தவேண்டி வந்தது. ஒரு டிடிஎச் சேவை 93.5 டிகிரி கிழக்கிலிருந்த அந்தக் கோளை விட்டு 91.5 டிகிரிக்கு மாறியது. தென்னாட்டில் வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்பினார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு நான்தான் திருப்பிக் கொடுத்தேன். படம் வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு பதினைந்து வருடம் என் தலைக்குள் இருந்திருக்கிறது.

ஆனால் டிவி டிஷ் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். இன்டர்நெட் டிஷ் வானத்துக்கு அனுப்பவும் செய்யும். டிவி டிஷ் பிசகினால் நம் வீட்டில் படம் போகும், அவ்வளவுதான். அனுப்புகிற டிஷ் பிசகினால், பக்கத்துச் செயற்கைக்கோளை நம்பியிருக்கும் முகம் தெரியாத ஒருவரின் இணைப்பையும் கெடுக்கும். ஒரே அலைவரிசையைக் குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவி சற்றுத் திருகிப்போனாலும் நம்முடைய அலை அடுத்தவர் பங்கில் கசியும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பழைய அளவுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு புதுக் கம்பத்தில் அப்படியே மாட்டினேன். என் இன்டர்நெட், 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலுள்ள ஜிசாட்-11 செயற்கைக்கோள் வழியாக வருவது. இங்கிருந்து அதைப் பார்க்க, டிஷ் தெற்கிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி மேற்கே திரும்பி, 73 டிகிரி உயரத்தை நோக்கவேண்டும். கூப்பிடு தூரத்தில் இந்தக் கணக்கு மாறாதுதான். ஆனால் கம்பம் செங்குத்தாக நின்றால்தான் அந்த அளவுகள் செல்லும். செயற்கைக்கோள் இருப்பதோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு டிகிரி பிசகினால் குறி 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். மோடத்தில் வாங்கும் விளக்கு எரிந்தது, அனுப்பும் விளக்கு நிலைக்கவில்லை.

சொன்ன நாளில் நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ரசமட்டத்தைக் கம்பத்தின் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தான், பிறகு மறுபக்கம். குமிழி நடுவுக்கு வரவில்லை. நட்டுகளை விரலால் தடவினான். ஸ்பேனர் வழுக்கிப் பெயின்ட் உரிந்து, உள்ளே இரும்பு புதிதாக மின்னியது.

"யாராச்சும் இதத் தொட்டீங்களா சார்?"

"இல்லப்பா. முன்னாடி மாட்டினாரே, உங்க கம்பெனி ஆளு, அவருதான் வந்து மாத்திக் குடுத்தாரு."

யோசிக்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. பையன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. கம்பத்தை நிமிர்த்தி, கோணங்களைச் சரிசெய்து, கன்ட்ரோல் ரூமோடு பேசிப் பேசி டிஷ்ஷின் முன்னாலிருக்கும் அந்தக் கருவியை மயிரிழை அளவு திருப்பி, பொழுது சாயும்போதுதான் முடித்தான். இடையில் ஆபீசுக்குப் போன் போட்டு நான் சொன்னதை அப்படியே சொன்னான்.

பிறகு வேறு ஒரு வேலையாக வந்தபோது அவனே சொன்னான்: "அந்த அண்ணன விசாரிச்சாங்க சார். ஆபீசுக்குத் தெரியாம தனியா காசு வாங்கிட்டு வேலை செஞ்சாருன்னு. இப்ப இந்தப் பக்கம் அவர அனுப்பறதில்ல." அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவனுக்கு மோர் கொடுத்தேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இந்த மௌனம் தெரிந்தே செய்தது. இதைத்தான் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

நான் பயன்படுத்தும் அந்த ஜிசாட்-11-இன் கதையைப் பின்னால் படித்தேன். 5,854 கிலோ எடை. அவ்வளவு உயரத்துக்கு நம் ராக்கெட்டால் தூக்க முடியாத பாரம் என்பதால், எங்கள் திருப்பதி மாவட்டத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருந்தும், தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்குக் கொண்டுபோனார்கள். 2018 மார்ச்சில் ஏவிய ஜிசாட்-6ஏ செயற்கைக்கோள் தொடர்பை இழந்தது. அதே கோளாறு இதிலும் இருக்குமோ என்று, கயானாவில் ஏவுவதற்காக இருந்த ஜிசாட்-11-ஐ பெங்களூருக்குத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி சோதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதிதான் ஏவினார்கள். சந்தேகம் வந்ததும் கடல் கடந்து திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கோளைப் பார்க்கவேண்டிய டிஷ்ஷுக்காக நான் ஒரு வாரம் பொறுக்கவில்லை.

அதைப் படித்த அன்று இரவே நடந்ததை எல்லாம் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்தத் தொழிலாளியின் மீதிருந்த குறிப்பை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. அவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சாட்டிலைட் இன்டர்நெட் வைத்திருப்பவர்கள் வீடு மாறினால் டிஷ்ஷைத் தொடாமல் ஆள் வரும்வரை காத்திருங்கள். ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள் என்றால், வருகிறவர் பையைத் திறப்பதற்கு முன்பே "நான்தான் கழற்றினேன்" என்று சொல்லிவிடுங்கள்.