மூன்று தரம்

“ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்னும் குரலைக் கேளாதார் நம்முள் மிகச் சிலரே. ஊர்ச் சந்தையிலும், கோயில் முன்றிலிலும், அறுப்பின் பண்டிகையன்று ஆலய வளாகத்திலும் அக்குரல் ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. மூன்றாம் முறை சொல்லியானபின் பொருள் கேட்டவனுக்கே உரியது. கூடுதலாகக் கொடுக்கப் பிறனொருவன் ஓடி வரினும், ஏலங் கூறுவோன் தலையசைத்து மறுத்துவிடுவான். இவ்வழக்கை யாம் இளமை முதல் அறிந்திருந்தோமெனினும், அதன் அருமையை உணர்ந்தது சென்ற ஆண்டிலேதான். எமக்கு அதனை உணர்த்தினோர் இருவர்: ஒருவர், யாம் முகமறியா ஒரு விற்பனையாளர், மற்றவர், ஜவ்வாது மலையில் சாமை விதைத்து வாழும் ஒரு முதியவர்.

யாம் நால்வரும் ஒரே விடுதி அறையில் வாழ்வோம். எம்முள் ஒருவன் ஜவ்வாது மலையினன். ஜமுனாமரத்தூருக்கும் காவலூருக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூர் அவனுடையது. புரட்டாசி விடுமுறைக்கு அவனுடன் மலையேறினோம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது, செய்யாறு பிறக்குமிடம். பகலெல்லாம் சாமைக் கொல்லையும் பலா நிழலுமாக இருந்த அவ்வூர், இரவு வந்ததும் வேறோர் உலகமாயிற்று. நகர விளக்கொளியில் வளர்ந்த எமக்கு அவ்வானம் அச்சத்தையே தந்தது, அத்துணை விண்மீன்கள்!

அவ்விருளின் பொருட்டன்றோ காவலூரில் வானாய்வகம் அமைத்தனர்! அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பெற்று, அவ்வாய்வகம் அதனை உருவாக்க உழைத்த வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. கணித மேதை இராமானுஜன் பெயர் தாங்கிய குறுங்கோள் ஒன்றும் 1988இல் அங்கேதான் கண்டறியப்பட்டது. இவற்றையெல்லாம் எம்மைச் சூழ்ந்திருந்த சிறுவர்க்கு யாம் பெருமையுடன் எடுத்துரைத்தபோது, ஒரு சிறுமி, “அண்ணா, வெள்ளைக் குவிமாடத்தை நாங்கள் தினமும் பள்ளிக்குப் போகையில் பார்க்கிறோம். கண்ணாடிக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை” என்றாள். அச்சொல் எம்மைத் தைத்தது. “மார்கழி விடுமுறைக்கு வரும்போது தொலைநோக்கி கொண்டு வருவோம், திங்களின் பள்ளங்களையும் மிருகசீரிடத்தின் அருகே புகைபோல் ஒளிரும் முகிலையும் காட்டுவோம்” என்று அவர்களுக்கு வாக்களித்தோம்.

புதிய கருவி வாங்க எம்மிடம் பொருளில்லை. நால்வர் சேமிப்பும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய் தேறிற்று. இணைய ஏலத்தளம் ஒன்றில், ஆறு அங்குல ஆடி பொருத்திய பழைய தொலைநோக்கி ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கக் கண்டோம். ஐந்நூறு ரூபாய் முன்பணம் கட்டினோம். ஏலம் முடியும் இரவில் யாம் இன்னும் மலைமேலேயே இருந்தமையால், கைப்பேசிக்கு அலை எட்டும் ஒரு பாறை மேலேறி, போர்வை போர்த்து அமர்ந்தோம். ஊர்ச் சிறுவரும் உறங்கச் செல்லாது உடனிருந்தனர். எமது கேள்வி 9,600 ரூபாயில் நின்றது. கடைசி நிமிடம் கழிந்தது; வென்றோமென்ற அறிவிப்பு வந்தது. அப்பாறையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு ஊர் நாய்களெல்லாம் குரைத்தன.

மூன்றாம் நாள் விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கட்டும்போது ஆடி உடைந்துவிட்டது. மன்னிக்க வேண்டும்” என்றார். யாம் வருந்தினோம், அவருக்கும் இழப்பன்றோ என்று ஆறுதலும் கூறினோம். பத்து நாள் சென்றபின், அதே கருவி, அதே கீறல், அதே முக்காலியுடன் வேறொரு தளத்தில் 14,000 ரூபாய் விலையிடப்பட்டிருந்தது. உடைந்தது ஆடியன்று, சொல்லே எனத் தெளிந்தோம்.

எம்முள் ஒருவன் கடுஞ்சொற்கள் நிறைந்த மடல் ஒன்றை எழுதி முடித்து, அனுப்பும் நிலையிலிருந்தான். நல்வினையாக அதற்குமுன், நம் கல்லூரியின் பழைய மாணவரும் இப்போது வழக்கறிஞருமான அண்ணன் ஒருவரைக் கண்டோம். அவர் எமக்குக் கூறியவை மாணவர் பலர்க்கும் பயன்படுமாதலின், இங்குச் சுருங்க உரைக்கின்றோம்.

ஏலத்தில் மூன்று காலங்கள் உள. முதலாவது, ஏலம் தொடங்குமுன். அப்போது விற்போன் பொருளைத் திரும்பப் பெறலாம். இங்கிலாந்தில் அலுவலக மரச்சாமான்களை ஏலத்தில் வாங்கவென்றே இலண்டனிலிருந்து வெளியூர் சென்ற ஒருவர், அவை ஏலத்திலிருந்து நீக்கப்பட்டமை கண்டு வழிச்செலவு கேட்டு வழக்காடினார். விளம்பரம் ஓர் எண்ணத்தின் அறிவிப்பேயன்றி ஒப்பந்தமன்று எனக் கூறி, 1873இல் நீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது.

இரண்டாவது, ஏலம் நடக்குங் காலம். இங்கே தளத்தின் விதிகளே பெரிதும் ஆளும். ஜெர்மனியில் ஒருவர் தம் காரை ஒரு யூரோ தொடக்க விலையில் இணைய ஏலத்தில் விட்டார். ஒருவர் மட்டும் கேட்டிருந்த நிலையில், வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தை இடையில் முறித்தார். கேட்டவர் வழக்குத் தொடுத்தார். 2014 நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒரு யூரோவுக்கே ஒப்பந்தம் நிறைவேறிற்றென்றும், விற்பவர் 5,249 யூரோ இழப்பீடு தரவேண்டுமென்றும் தீர்த்தது. குறைந்த தொடக்க விலையின் ஆபத்தை அவரே ஏற்றுக்கொண்டாரன்றோ!

மூன்றாவது, ஏலம் முடிந்தபின். நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, சுத்தியல் விழுவதாலோ வழக்கமான பிறிதொரு முறையாலோ ஏலம் முடிந்ததென அறிவிக்கப்பட்டதும் விற்பனை நிறைவுறுகின்றது என்கின்றது. நம் ஊர் “மூன்று தரம்” அவ்வழக்கமான முறைகளுள் ஒன்று. மின்வழியே செய்யப்பட்டதென்னும் காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாதாகாது என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு. ஆஸ்திரேலியாவில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானம் ஒன்றை இணைய ஏலத்தில் 1,50,000 டாலருக்கு ஒருவர் கேட்டு வென்றார். விற்பவரோ, வேறொருவர் ஒரு லட்சம் டாலர் கூடுதலாகத் தர முன்வந்ததால் பின்வாங்கினார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம், வென்றவரிடமே விமானத்தை ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. அத்தகைய பொருள் வேறிடத்தில் எளிதில் கிடையாதாகலின், பணமன்றிப் பொருளையே தரச் செய்தது.

ஆனால், ஏலம் உறுதிசெய்தலுக்கு உட்பட்டது என்னும் நிபந்தனை உளதா என முன்னரே காணவேண்டும். குருவாயூர்க் கோயிலுக்குக் காணிக்கையாக வந்த தார் வண்டியை 2021 டிசம்பரில் ஏலமிட்டபோது, ஒரே ஒருவர் 15,10,000 ரூபாய்க்குக் கேட்டார். நிர்வாகத்தின் ஒப்புதல் பற்றியும் ஏல முறை பற்றியும் கேள்விகள் எழுந்து, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2022 ஜூனில் மறு ஏலம் நடந்து, வண்டி 43 லட்சத்துக்குப் போயிற்று. முதலில் கேட்டவருக்கு அது கிட்டவில்லை.

இவற்றைக் கேட்டதும் எமக்கு வழக்காடும் வீறு பிறந்தது. அண்ணன் நகைத்தார். “சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது; கணக்கு உங்கள் பக்கம் இல்லை. விற்பதையே தொழிலாகக் கொண்டவரானால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு. தம் வீட்டுப் பழம்பொருளை ஒருமுறை விற்பவரென்றால் உரிமையியல் நீதிமன்றம் போகவேண்டும். உங்கள் இழப்பு, அதே போன்ற கருவியை வேறிடத்தில் வாங்க ஆகும் அதிகச் செலவு. நாலாயிரம் ரூபாய் என்று வையுங்கள். அதற்கு எத்தனை முறை படியேறுவீர்கள்?” என்றார். பின்னர், ஏல அறிவிப்பு, வெற்றிச் செய்தி, மறுவிற்பனை விளம்பரம் ஆகியவற்றின் படங்களை நாள்நேரத்துடன் சேமிக்கவும், வசைமொழி ஒன்றுமின்றி விற்பவருக்கு ஒரு கடிதமும் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு முறையீடும் அனுப்பவும் பணித்தார். மின்வணிக நிறுவனத்தின் அவ்வலுவலர் முறையீட்டைப் பெற்றதை 48 மணி நேரத்துள் தெரிவித்து, ஒரு மாதத்துள் தீர்வு காணவேண்டுமென்பது 2020ஆம் ஆண்டு விதி. அவ்வாறே செய்தோம். முன்பணம் திரும்பிற்று, விற்பவரிடமிருந்து மறுமொழி இல்லை, தொலைநோக்கியும் இல்லை.

மார்கழியில் வெறுங்கையுடன் மலையேறினோம். சிறுவர் எம்மை ஒன்றும் கேட்கவில்லை; எம் பைகளை மட்டும் நோக்கினர். அந்நோக்கு, கேள்வியினும் கொடிதாயிருந்தது. விற்பவர் எமக்களித்த சொல் முறிந்தபோது, யாம் பிறர்க்களித்த சொல்லும் உடன் முறிந்ததை அன்றுதான் கண்டோம்.

எம் துயரைக் கண்ட நண்பனின் தந்தையார், “மாசி பிறக்கட்டும், தம்பி. புளி உலுக்கும் பருவம் வரும். நம் ஆறு மரங்களின் காய்ப்பை ஏலம் விட்டு, அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணாடிக்குத் தருகிறேன்” என்றார். மாசியில் மீண்டும் சென்றோம். மரத்தடியில் ஐந்தாறு பேர் கூடினர். பக்கத்து ஊரில் சிறு வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி 7,000 ரூபாய்க்குக் கேட்டார். பெரியவர் மூன்று தரம் கூறி முடித்தார். அவ்வம்மையார் பணம் மறுநாள் தருவதாகச் சொல்லிச் சென்றார்.

அன்று மாலை சமவெளியிலிருந்து ஒரு வியாபாரி வண்டியுடன் வந்து, மரங்களை அண்ணாந்து பார்த்து, 10,000 ரூபாயைக் கையிலெடுத்து நீட்டினார். அப்போது யாம் செய்ததை எழுத நாணுகின்றோம். எனினும் எழுதாவிடில் இக்கட்டுரை பொய்யாகும். “ஐயா, எழுத்து ஒன்றும் இல்லையே! முன்பணமும் வாங்கவில்லையே! நாளை அந்த அம்மாவிடம் ஏதேனும் காரணம் சொல்லிக்கொள்ளலாம்” என்று முதலில் கூறியவர்கள் யாமே. கிளை முறிந்ததென்று சொல்லலாமெனவும் எம்முள் ஒருவன் கூறினான். கடுமடல் எழுதியவனும் அவனே.

பெரியவர் சினக்கவில்லை. வெற்றிலையை மடித்தவாறே, “எழுத்து இல்லைதான். ஆனால் மூன்று தரம் சொன்னேனே, தம்பி! மரம் கேட்டுக்கொண்டுதானே நின்றது?” என்றார். பிறகு வியாபாரியை நோக்கி, “அடுத்த வருடம் காலையிலேயே வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். மூவாயிரம் ரூபாய் மண்சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கிச் சென்றதை யாம் நின்று பார்த்தோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அந்த விற்பனையாளரை எத்தனை நாள் இழிந்தவரெனப் பேசியிருந்தோம்! அவருக்கும் அன்று யாரோ ஒருவர் மாலை வேளையில் கூடுதல் விலை சொல்லியிருப்பார். ஆடி உடைந்ததென்று அவர் கூறியதற்கும், கிளை முறிந்ததென்று யாம் கூற நினைத்ததற்கும் வேற்றுமை யாது? அவரைத் தடுக்க அருகில் ஒரு பெரியவர் இல்லை. எம்மைத் தடுக்க ஒருவர் இருந்தார். அவ்வளவே.

இதனால் அவர் செய்தது நன்றென்று கூறினோமல்லோம். ஏமாற்றப்பட்டோர் சான்றுகளைச் சேமித்து, முறைப்படி முறையிடவே வேண்டும். பெருந்தொகையாயின் நீதிமன்றமும் ஏற வேண்டும். வாங்குமுன் தளத்தின் விதிகளையும் உறுதிசெய்தல் நிபந்தனையையும் படித்தல் வேண்டும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்புதல் கூடாது. ஆயினும், சட்டம் சொல் முறிந்தபின் வருவது. சொல் முறியாமற் காப்பது, கூடுதல் விலை கண்முன் நிற்கும் அந்த ஒரு நாழிகையில் நாம் நமக்குள் கூறிக்கொள்ளும் மறுமொழியே.

பெரியவர் தந்த பங்கையும் எம் சேமிப்பையும் கொண்டு, சித்திரையில் ஒரு கடையில் சிறிய தொலைநோக்கி ஒன்று வாங்கினோம். ஆறு அங்குலமன்று, மூன்றே அங்குலம். மிருகசீரிடம் அப்போது பொழுது சாய்ந்ததும் மேற்கே இறங்கிவிட, அம்முகிலைக் காட்ட இயலவில்லை. வளர்பிறைத் திங்களை மட்டும் காட்டினோம். முதலிற் கண்வைத்த அச்சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பின்பு தலைநிமிர்ந்து, “மிச்சத்தை மார்கழியில் காட்டுவீர்களா, அண்ணா?” என்றாள். காட்டுவோம் என்றோம். மூன்று தரம் கூறினோம்.