கிளியர் கோட்டும் ஹார்டனர் டப்பாவும்

எங்க காருக்கு வயசு 18. சில்வர் கலர். டவுன்ல இருக்கறவங்களுக்கு வண்டி நிறுத்த அடுக்குமாடிக்குக் கீழ இடம் இருக்கும். எங்களுக்கு வேப்பமரந்தான் ஷெட்டு. நிழல் நகர்ந்துட்டா மத்தியான வெயில் மொத்தமும் பானெட்டு மேலயும் கூரை மேலயும்தான். காக்கா எச்சம் வேற. போன வருசம் அந்த ரெண்டு இடத்துலயும் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பிச்சுச்சு.

உரிஞ்சது பெயிண்ட் இல்லீங்க, கிளியர் கோட். மெட்டாலிக் கலர்னா கலரைத் தனியா அடிச்சு, அதுக்கு மேல நிறமில்லாத இந்தப் பூச்சைக் கொடுப்பாங்க. பளபளப்பும் இதனாலதான், வெயில் மழை தாங்கறதும் இதனாலதான். உரிஞ்சதுக்கு மேலயே புதுசா அடிச்சா நிக்காது. கெட்டியா இருக்கற இடம் வரைக்கும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு, திரும்பக் கலர் அடிச்சு, அப்புறந்தான் கிளியர்.

தம்பி மகன் டூவீலர் பட்டறையில வேலை பாக்கறான். வயசு 22. "பெரியப்பா, வெளிய விட்டா பில்லு எகிறும். கம்ப்ரசர் நான் கொண்டுட்டு வர்றேன், நம்ம களத்துலயே அடிச்சுக்கலாம்"னான். வேலை சுத்தமா செய்யற பையன், எனக்கும் சம்மதந்தான். எந்தக் கிளியர் வாங்கறதுங்கறதுலதான் பேச்சு வளந்துச்சு.

ஒன் கே, டூ கேன்னு ரெண்டு வகை. ஒன் கே ஒரே டப்பா. தின்னர் ஆவியாப் போனாக் காஞ்சிரும். டூ கேன்னா கிளியரோட ஹார்டனரைக் கலக்கணும். சரக்கைப் பொறுத்து ரெண்டுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணுன்னு அளவு மாறும். கலந்தது இறுகிடும், நாளைக்குன்னு எடுத்து வைக்க முடியாது. பளபளப்பு, உறுதி, பெட்ரோல் சிந்தினாத் தாங்கறது, எல்லாத்துலயும் டூ கேதான் ஒசத்தி. அவனும் அதைத்தான் கேட்டான்.

நான் ஹார்டனர் டப்பாவை வாங்கிப் பொடி எழுத்தைப் படிச்சேன். மருந்து டப்பா படிச்சுப் பழகுன கண்ணு. ஐசோசயனேட்னு போட்டிருந்துச்சு. எங்க தலைமுறைக்கு அந்தப் பேர் புதுசில்ல. 1984 டிசம்பர்ல போபால்ல ஆயிரக்கணக்கான சனத்தைக் கொன்னது மீத்தைல் ஐசோசயனேட். அதை வெச்சு அங்க தயாரிச்சது செவின்ங்கற பூச்சி மருந்து, அதாவது கார்பரில். நாங்களும் தூவுன மருந்துதான். 2018ல தடை பண்ணிட்டாங்க.

ஹார்டனர்ல இருக்கறது அதே சரக்கு இல்லீங்க. அந்த வாயு மாதிரி நின்ன இடத்துல சாய்க்காது. ஆனா ஒரே குடும்பம். கன்ல அடிக்கறப்ப பொகையா நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்பு ஒவ்வாமையாயிட்டா, அப்புறம் துளி போனாலும் மூச்சு இழுக்கும். வாடை தெரியறதுக்கு முன்னாலயே அளவு மீறியிருக்கும். துணி மாஸ்க்கெல்லாம் சும்மா. சுத்தமான காத்தைக் குழாய் வழியா முகமூடிக்குள்ள அனுப்பற ஏற்பாடு வேணும். களத்துல அதுக்கு எங்க போறது?

இவனுக்குச் சின்ன வயசுல வீசிங். ராத்திரியில எத்தனை தடவை பைக்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன்.

"ஒரு நாள்தானே பெரியப்பா, காத்தாடத்தானே அடிக்கறோம்"னான். வயக்காடும் காத்தாடத்தான் இருக்கு. 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பயிருக்கு மருந்தடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்களே, அதுவும் திறந்த வெளியிலதான்.

ஒன் கேதான்னு முடிவாச்சு. அவன் முகம் சுருங்கிருச்சு. "சீக்கிரம் மங்கிரும்"னான். மங்குனா திரும்ப அடிச்சுக்கலாம். பெட்ரோல் பட்டா ஒன் கே கரையும்ங்கறது நிசம். நாங்க அடிக்கறது பானெட்டும் கூரையும்தான், பெட்ரோல் மூடி பக்கமே போகல. அதுக்காக ஒன் கே பச்சத்தண்ணின்னு நெனச்சுராதீங்க. தின்னர் ஆவி தலையச் சுத்தும். கார்பன் மாஸ்க், கண்ணாடி, கையுறை வேணும். பக்கத்துல அடுப்பு, பீடி ஆகாது.

மாசியில அடிச்சோம். ஆடிக் காத்துல மண்ணு ஒட்டும். ஐப்பசி ஈரத்துல பால் மாதிரி வெளுத்துரும். பனி காஞ்சப்புறம், காத்து கிளம்பறதுக்கு முன்ன, களத்துல தண்ணி தெளிச்சுப் புழுதிய அடக்கிட்டு, மெல்லிசா நாலு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல கால் மணி நேரம். கெட்டியா அடிச்சா வழிஞ்சு நிக்கும். டூ கேதான் வேணும்ங்கறவங்க தேய்க்கற வேலைய வீட்டுல முடிச்சுட்டு, கலரும் கிளியரும் அடிக்க பெயிண்ட் பூத் இருக்கற பட்டறைக்கு விட்டுருங்க.

கடைசிக் கோட் காயற வரைக்கும் திண்ணையில உக்காந்திருந்தோம். "எங்க பட்டறையில டேங்குக்கெல்லாம் டூ கேதான் அடிக்கறாங்க பெரியப்பா. பெயிண்டர் அண்ணன் கைக்குட்டைதான் கட்டிக்கறாரு"ன்னான். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அந்த ஹார்டனர் டப்பாவோட பொடி எழுத்தைப் போன்ல படம் புடிச்சுக்கிட்டான்.